கொளஞ்சிநாதனின் நாட்கள்

கொளஞ்சிநாதனின் முகத்தை நேருக்கு நேர் பார்க்க முடியாமல் செவ்வந்தி தவிக்க ஆரம்பித்து நாலே முக்கால் வருடம் ஆகிவிட்டது. அவர் என்னவோ எப்போதும்போலத்தான் வருவார். கடை வாசலில் சைக்கிளைச் சாத்துவார். "பாப்பா, சாப்ட்டியா?" என்பார். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அந்த மனுஷன் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் அவள் நெஞ்சுப் பாரம் பாதி இறங்கியிருக்கும். திட்டமாட்டார். அவளுக்கு அதுதான் பெரிய தண்டனையாக இருந்தது.

நடந்தது இதுதான். வடக்குத்து என்ற ஊரில், நிலக்கரிச் சுரங்கக் கம்பெனியின் நகரியத்துக்குப் போகும் சாலையோரத்தில் செவ்வந்தி ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறாள். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு ஸ்கேனர், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கொளஞ்சிநாதன் அவள் அப்பாவோடு சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போனவர். அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் அவர் போய்க்கொண்டிருக்கிறார். இரண்டாயிரத்துப் பதினொன்று டிசம்பர் கடைசியில், நீண்ட நாள் வேலை செய்த கான்ட்ராக்ட் ஆட்களைக் கூட்டுறவு சொசைட்டியில் சேர்க்கப் பட்டியல் எடுப்பதாகப் பேச்சு எழுந்தது. சொசைட்டியில் பேர் ஏறிவிட்டால் கான்ட்ராக்டர் மாறினாலும் வேலை போகாது. பிறகு என்றைக்காவது பெர்மனெண்ட் ஆகலாம் என்று ஒரு நம்பிக்கையாவது இருக்கும். கொளஞ்சிநாதன் தன் எட்டு வருட வருகை அட்டைகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டுவந்து அவள் மேசைமேல் வைத்தார். "எல்லாத்தையும் ஸ்கேன் போட்டு வையி பாப்பா. நாளைக்கு வந்து வாங்கிக்கிறன்" என்று போய்விட்டார்.

அவளும் பொறுப்பாகத்தான் செய்தாள். ஒவ்வொரு அட்டையாக ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் அவர் பேரில் சேர்த்து வைத்தாள். அட்டைகளைப் பையிலேயே போட்டு, பத்திரமாக இருக்கட்டும் என்று கம்ப்யூட்டர் பக்கத்திலேயே வைத்தாள். அசலும் நகலும் ஒரே மேசையில். மறுநாள் விடிகாலை 'தானே' என்று பேர் வைத்த புயல் வந்தது. கூரை எங்கே போனது என்றே தெரியவில்லை. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்த ஊரில் ஒரு கூரையை யார் தேடப்போகிறார்கள்! கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளிருந்து தண்ணீர் ஒழுகியது. மஞ்சள் பைக்குள் கூழ்தான் இருந்தது.

கொளஞ்சிநாதன் வந்து பார்த்தார். கூழைக் கையில் எடுத்தார். கீழே வைத்தார். "ஊருக்கே வந்த கஷ்டம். உனக்கு ஒண்ணும் அடி கிடி படலியே?" என்றார். அடுத்த வருடம் வந்த பட்டியலில் அவர் பேர் இல்லை. அவரோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் சிலர் சொசைட்டிக்குப் போனார்கள். அவர் பழையபடி கான்ட்ராக்டில், சுரங்க வாசலில் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டால் "ஆஜர்" சொல்லிக்கொண்டு நின்றார்.

அந்தக் கூழ் செவ்வந்தியின் கனவில்கூட வந்தது.

இரண்டாயிரத்துப் பதினாலில்தான் அவளுக்கு ஒரு வழி தெரிந்தது. வழி காட்டியவள் இசைப்பிரியா. நகரியத்தில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். அப்பா சுரங்கத்தில் பெர்மனெண்ட் என்பதால் பதினெட்டாம் பிளாக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தாள். வினாத்தாள் பிரிண்ட் எடுக்க வந்தவள், பென் டிரைவ் எதுவும் கொண்டுவராமல் வெறுங்கையோடு உட்கார்ந்து, இணையத்தைத் திறந்து, தன் வீட்டில் அடித்த வினாத்தாளை இங்கே வரவழைத்தாள்.

"அது எப்படி இங்க வந்துச்சு?" என்று செவ்வந்தி வாயைப் பிளந்தாள்.

"கிளவுடுல வச்சிருக்கேன்க்கா."

"வானத்துலயா?"

"ஐயோ, வானத்துல ஒண்ணுமில்ல. அதுவும் தரைமேல இருக்கற கம்ப்யூட்டர்தான். பெரிய பெரிய கட்டடத்துல ஆயிரக்கணக்குல அடுக்கி வச்சிருப்பாங்க. காவல், குளிர்சாதனம், ஜெனரேட்டர் எல்லாம் அவங்க பொறுப்பு. நாம இங்கேருந்து அனுப்பினா அங்க போய் உக்காந்துக்கும். எந்த ஊர்லேருந்தும் நம்ம பேரு, பாஸ்வேர்டு போட்டு எடுத்துக்கலாம். கொஞ்சம் இடம்னா சும்மாவே குடுப்பாங்க. கடை, கம்பெனிக்காரங்க நிறைய இடம் கேட்டா மாச வாடகை."

"அந்தக் கட்டடம் புயல்ல போயிட்டா?"

அவள் கேட்ட விதத்தில் இசைப்பிரியா ஒரு நிமிடம் அவள் முகத்தையே பார்த்தாள். "ஒரே இடத்துல வைக்கமாட்டாங்கக்கா. ஒரு காகிதம் குடுத்தா அதை மூணு, நாலு பிரதி எடுத்து வேற வேற ஊர்ல வைப்பாங்க. ஒண்ணு போனா இன்னொண்ணுலேருந்து எடுத்துக் குடுப்பாங்க. அதுதான் அதுல விஷயமே."

செவ்வந்திக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்னால் இது தெரிந்திருந்தால்! தெரிந்திருந்தால் என்ன செய்ய, தெரியவில்லையே.

முதலில் தன் கடை வேலையை எல்லாம் அதில் ஏற்றினாள். வடலூர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, தன் இரண்டு கடைகளின் சரக்கு விவரத்தையும் அதிலேயே போடச் சொன்னார். ஒரு கடையில் சேலை தீர்ந்தால் அடுத்த கடையிலிருந்தே தெரிந்தது. அதெல்லாம் சரிதான். ஆனால் அவள் மனசு கொளஞ்சிநாதனைத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. இதற்குள் அவர் தன்னையும் சேர்த்து ஏழு பேர் கொண்ட ஒரு கேங்குக்கு மேஸ்திரி ஆகியிருந்தார். மேஸ்திரி என்றால் பெரிய உத்தியோகம் ஒன்றுமில்லை. அதே மண்வெட்டிதான், அதே சேறுதான். கூடுதலாக ஒரு வேலை: ஷிப்ட் முடிந்ததும் கேங்கில் ஒவ்வொருவரின் அட்டையிலும் அன்றைய கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். மாசக் கடைசியில் கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் அட்டைக்கு அடியில் முத்திரை குத்துவார். கொளஞ்சிநாதன் முப்பது வயதுக்கு மேல் அறிவொளி வகுப்பில் கையெழுத்துப் போடப் பழகியவர். அவருக்கு அந்தக் கையெழுத்தின் மேல் அப்படியொரு மரியாதை. அவசரத்தில் கிறுக்கமாட்டார். கடைசி எழுத்தில் ஒரு வால் இழுத்து, அதைக் கொஞ்சம் மேலே தூக்கி, அப்புறம்தான் பேனாவை எடுப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கேங்கையும் பக்கத்து கேங்கையும் சேர்த்து இருபத்து மூன்று பேரைக் கடைக்கு வரச் சொல்லி, செவ்வந்தி விளக்கினாள். பன்னீர்செல்வம் என்று ஒருவர், கொளஞ்சிநாதன் வராத அன்றைக்கு மேஸ்திரி வேலை பார்ப்பவர், கையைக் கட்டிக்கொண்டு சந்தேகமாக நின்றார்.

"நம்ம அட்டைய எவனோ வூட்டுல வச்சிக்கினு, நம்மளயே கேட்டு வாங்கிக்கச் சொல்றியே, நல்லாயிருக்குதா?"

"அண்ணே, நீங்க வெட்டற கரி எங்க எரியுது?"

"தெர்மல் பவர் ஸ்டேஷன்ல."

"கரண்டு எங்க போவுது?"

"எங்கெங்கயோ போவுது. கேரளா, கர்நாடகான்னு."

"அங்க ஒருத்தன் சுவிச்சப் போடறான், லைட்டு எரியுது. அவன் வூட்டுல கரி கொட்டி வச்சிருக்கானா, பாய்லர் வச்சிருக்கானா? ஒண்ணுங் கெடையாது. கம்பி இருக்குது, மீட்டர் இருக்குது, அவ்ளோதான். இதுவும் அப்படித்தான். கம்ப்யூட்டர் எங்கயோ இருக்கும். சுவிச்சு உங்க கையில."

பன்னீர்செல்வம் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "அந்தக் கம்ப்யூட்டரே நாம வெட்டுன கரியிலதான் ஓடுதோ என்னமோ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கணக்கு ஆரம்பிக்கச் சம்மதித்தார்கள்.

இங்கேதான் செவ்வந்தி ஒரு காரியம் செய்தாள். எல்லாருக்கும் பாஸ்வேர்டு வேண்டும். எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது. இவர்களில் பாதிப் பேருக்குப் பிறந்த தேதியே தெரியாது. எழுதிக் கொடுத்தால் சட்டைப் பையோடு துவைத்துவிடுவார்கள். ஆனால் ஒரே ஒரு நம்பர் மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். டோக்கன் நம்பர். நாலு இலக்கம். தினமும் வாசலில் அதைத்தான் கூப்பிடுகிறார்கள், பேரை அல்ல. அதை இரண்டு தடவை அடித்தால் எட்டு ஆச்சு. கணக்கின் பேரும் சுலபம்: அவரவர் பேர், அதோடு வடக்குத்து. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மாசக் கடைசியிலும் இருபத்து மூன்று பேரும் அட்டையோடு வருவார்கள். அவள் ஸ்கேன் எடுத்து, அவரவர் கணக்கில் ஏற்றிவிட்டு, அட்டையைக் கையில் கொடுப்பாள். காசு வாங்கமாட்டாள். கொளஞ்சிநாதன் அட்டை ஏறும்போது மட்டும் திரையில் அந்தப் பச்சைக் கோடு முழுசாக ஓடி முடியும்வரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள்.

இப்படி இரண்டு வருடம் ஓடியது. இரண்டாயிரத்துப் பதினாறில் மறுபடியும் பட்டியல் என்றார்கள். கடைசி இரண்டு வருடத்தில் நானூற்று எண்பது நாள் வேலை செய்திருக்க வேண்டும், வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கக் கூடாது. கொளஞ்சிநாதனுக்கு ஐம்பத்து நான்கு. இதை விட்டால் அவருக்கு அடுத்த பட்டியல் கிடையாது.

ஆகஸ்டு முதல் வாரம் அவர்களுடைய கான்ட்ராக்டர் மருதாசலத்தின் சூப்பர்வைசர் சிங்காரவேல், சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி எல்லோருடைய பழைய அட்டைகளையும் வாங்கிக்கொண்டார். வாங்கியது வாங்கியதுதான். கேட்டால், "ஆபீஸ்ல இருக்குது, ரிஜிஸ்டர்ல ஏத்தியாச்சு, இனிமே அட்டை கெடையாது, எல்லாம் ரிஜிஸ்டர்தான்" என்றார். அதனால் ஆகஸ்டு கடைசியில் செவ்வந்தி கடையில் ஏற்ற அட்டை எதுவும் இல்லை. ரிஜிஸ்டரில் கொளஞ்சிநாதனுக்கு நூற்றுத் தொண்ணூறு நாள் என்று இருப்பதாக யாரோ பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். மற்றவர்களுக்கும் அப்படித்தான். இவர்களுக்கு நாள் குறைந்தால்தானே மருதாசலத்தின் சொந்தக்காரர்களுக்கு இடம் கிடைக்கும்.

கொளஞ்சிநாதன் பதறவில்லை. "நம்மகிட்டதான் செவ்வந்தி கடையில ஏத்தி வச்சது இருக்குதே" என்று கேங்கில் எல்லோருக்கும் தைரியம் சொன்னார்.

செப்டம்பர் எட்டாம் தேதி, வியாழக்கிழமை காலையில் வந்தார். திங்கட்கிழமை நகரியத்துச் சமுதாயக் கூடத்தில் சரிபார்ப்பு.

"நேத்தே வந்தன் பாப்பா. கடை பூட்டிக் கெடந்துச்சு."

"டோனர் வாங்க வடலூர் போயிருந்தன் சித்தப்பா. உக்காருங்க. அஞ்சு நிமிஷத்துல எல்லாத்தையும் எடுத்துத் தரேன்."

அவள் மனசு அன்றைக்கு லேசாக இருந்தது. நாலே முக்கால் வருடத்துக் கடனை இன்று தீர்த்துவிடலாம். பேரை அடித்தாள். டோக்கன் நம்பரை இரண்டு தடவை அடித்தாள். கணக்கு திறந்தது.

உள்ளே ஒன்றுமில்லை.

வேறு யாருடையதையாவது திறந்துவிட்டோமோ என்று மூடித் திறந்தாள். கொளஞ்சிநாதன் வடக்குத்து. சரிதான். வெள்ளையாக, துடைத்து வைத்த பீங்கான்போலக் கிடந்தது. பன்னீர்செல்வம் கணக்கைத் திறந்தாள். காலி. அடுத்தது காலி. அதற்கடுத்ததும் காலி. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"இன்னா பாப்பா, கரண்டு போயிடுச்சா?" என்றார் கொளஞ்சிநாதன், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டார்.

கணக்கை யார் யார் எப்போது திறந்தார்கள் என்று காட்டும் பக்கம் ஒன்று உண்டு. அதைப் பார்த்தாள். ஆகஸ்டு எட்டாம் தேதி, பிறகு பத்தாம் தேதி. இரண்டும் அவள் கடைக் கம்ப்யூட்டர் அல்ல. வேறு எங்கிருந்தோ யாரோ சாவி போட்டுத் திறந்து, சாவகாசமாக எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். சாவி யார் கொடுத்தது?

அப்போதுதான் ஜூன் மாதத்து மத்தியானம் ஒன்று அவளுக்கு ஞாபகம் வந்தது. சிங்காரவேல் ஏதோ ஜெராக்ஸ் எடுக்க வந்திருந்தார். "இவனுங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் கணக்கா? பாஸ்வேர்டு ஞாபகம் வச்சிக்குவானுங்களா?" என்று கிண்டலாகக் கேட்டார். அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏன் வச்சிக்கமாட்டாங்க? பேரு, கூட வடக்குத்து. பாஸ்வேர்டு அவங்க டோக்கன் நம்பர் ரெண்டு வாட்டி. உங்களுக்கே மனப்பாடமா இருக்குமே சார், தினம் கூப்பிடறீங்களே" என்று பெருமையாகச் சொன்னாள். அவரும் தலையாட்டி, "புத்திசாலிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாய்க்கொழுப்பு. வேறென்ன! நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது செவ்வந்திக்கு. புயலாவது வானத்திலிருந்து வந்தது. இதை அவளே கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிறாள்.

இசைப்பிரியாவுக்குப் போன் போட்டாள். அழுதுகொண்டே சொன்னாள். அந்தப் பக்கம் இசைப்பிரியா, "அழாதீங்கக்கா, தேதி சொல்லுங்க. அழிச்சது என்னிக்கு?" என்றாள்.

"கொளஞ்சி சித்தப்பாவோடது எட்டாந்தேதி. மத்தவங்களோடது பத்து."

அந்தப் பக்கம் இசைப்பிரியா நாட்களை எண்ணுவது கேட்டது. பிறகு மெதுவாகப் பேசினாள். "அழிச்சதெல்லாம் உடனே போயிடாதுக்கா. குப்பைத்தொட்டின்னு ஒண்ணு இருக்கும், அதுல முப்பது நாள் கெடக்கும். பத்தாந்தேதி அழிச்சதுக்கு நாளைக்கு வரைக்கும் டைம் இருக்கு. இன்னிக்கே எடுத்துடுங்க. எட்டாந்தேதி அழிச்சது…"

"எட்டாந்தேதி அழிச்சது?"

"நேத்தோட முடிஞ்சிடுச்சுக்கா."

நேற்று. கொளஞ்சிநாதன் வந்து பூட்டிய கடையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன நேற்று. செவ்வந்தி குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தாள். அவருடையது காலி. பன்னீர்செல்வத்தின் தொட்டியில் அட்டைகள் ஒவ்வொன்றும் மங்கலாக, உயிரோடு கிடந்தன. முதலில் மேஸ்திரியுடையதை அழித்துப் பார்த்திருக்கிறார் சிங்காரவேல். சரியாக வந்ததும் இரண்டு நாள் கழித்து மற்றவர்களுடையதை முடித்திருக்கிறார்.

"கம்பெனிக்காரங்ககிட்ட கேட்டா?"

"கேக்கலாம். ஆனா நம்பிக்கையாச் சொல்ல முடியாதுக்கா."

அந்தச் சமயம் பார்த்து வடக்குத்தில் கரண்ட் போனது. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கும் ஊரின் வாசலில் அது அடிக்கடி போகும். செவ்வந்தி எழுந்தாள். கொளஞ்சிநாதனிடம் எல்லாவற்றையும், தான் வாயைவிட்டதையும் சேர்த்து, ஒன்று விடாமல் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இந்தத் தடவை திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்ட வேண்டும் என்றுகூட வேண்டிக்கொண்டாள்.

"மத்தவனுங்களுது கெடைக்குமா?" என்றார்.

"கெடைக்கும். இன்னிக்கே எடுத்துட்டா."

"அப்ப எங்கூட இன்னாத்துக்குப் பேசிக்கினு நிக்கிற? போ, எடு." சைக்கிளை எடுத்தவர் ஒரு நிமிடம் நின்றார். "என்னுது ரெண்டு வாட்டி போயிடுச்சு. எனக்கு எழுதல அவ்ளோதான்" என்றார். குரல் உடைந்தது. அவர் குரல் உடைந்து செவ்வந்தி கேட்டதே இல்லை. அவருக்குப் பின்னால் அவள் நடுச்சாலையில் நின்று அழுதாள்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பதினெட்டாம் பிளாக்குக்குப் போனாள். இசைப்பிரியா அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். குவார்ட்டர்ஸில் கரண்ட் போகாது. இப்போது அவள் வீட்டிலேயே ஒரு பிரிண்டரும் இருந்தது. இருவரும் ஒவ்வொரு கணக்காகத் திறந்து, தொட்டியிலிருந்து எடுத்து, பாஸ்வேர்டை மாற்றி, கையோடு பிரிண்டும் எடுத்தார்கள். இருபத்திரண்டு பேர், ஒவ்வொருவருக்கும் இருபத்து நாலு அட்டை. பிரிண்டர் சூடாகி இரண்டு தடவை நின்றது.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். பன்னீர்செல்வத்தின் அட்டைகளை மாத வாரியாக அடுக்கிக்கொண்டிருந்த செவ்வந்தியின் கை நின்றது. ஒரு அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். தேதி, ஷிப்ட், மேஸ்திரி கையெழுத்து. முதல் தேதி, கொளஞ்சிநாதன். இரண்டாம் தேதி, கொளஞ்சிநாதன். மூன்றாம் தேதி. வால் இழுத்து, கொஞ்சம் மேலே தூக்கி. ஒவ்வொரு கட்டத்திலும்.

"இசை" என்றாள். "பன்னீர் அண்ணன் அட்டையில சித்தப்பா கையெழுத்துப் போட்டிருக்காருன்னா, அன்னிக்கு சித்தப்பா வேலைக்கு வந்திருக்காருன்னுதானே அர்த்தம்?"

இசைப்பிரியா அட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

பன்னீர்செல்வத்தையும் சேர்த்து, கேங்கில் மற்ற ஆறு பேரின் அட்டைகளையும் தரையில் பரப்பினார்கள். ஒருவர் வராத நாளில் இன்னொருவர் வந்திருந்தார். ஒருவர் அட்டையில் விட்டுப்போனது அடுத்தவர் அட்டையில் இருந்தது. கொளஞ்சிநாதன் வராத நாட்களில் அந்தக் கட்டத்தில் பன்னீர்செல்வத்தின் கோழிக்கிறுக்கல் இருந்தது. அந்த நாட்களைக் கூட்டாமல், மறைக்கவும் செய்யாமல் அப்படியே விட்டார்கள். இசைப்பிரியா பழைய நோட்டு ஒன்றில் தேதி தேதியாக எழுதிக்கொண்டே போனாள். செவ்வந்தி சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில் கூட்டிப் பார்த்தால் ஐந்நூற்று மூன்று. மறுபடி எண்ணினார்கள். ஐந்நூற்று மூன்று.

ஒரே இடத்தில் வைக்கமாட்டார்கள், வேறு வேறு இடத்தில் வைப்பார்கள், ஒன்று போனால் இன்னொன்றிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள் என்று இதே இசைப்பிரியாதான் இரண்டு வருடத்துக்கு முன்னால் சொன்னாள். கொளஞ்சிநாதனின் நாட்களை ஆறு பேர் வைத்திருந்திருக்கிறார்கள், அவர்களுக்கே தெரியாமல்.

திங்கட்கிழமை சமுதாயக் கூடத்தில் நல்ல கூட்டம். மேசைக்குப் பின்னால் ஓர் அம்மா, அதிகாரி, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ரிஜிஸ்டரோடு சிங்காரவேல். முதலில் இருபத்திரண்டு பேரின் பிரிண்டுகளும் மேசைக்குப் போனபோதே அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இதையெல்லாம் போன வாரம் வீட்ல உக்காந்து தயார் பண்ணலன்னு என்ன நிச்சயம்?" என்று அதிகாரி கேட்டார். நியாயமான கேள்விதான்.

செவ்வந்தி போனைத் திறந்து நீட்டினாள். "ஒவ்வொண்ணும் என்னிக்கு ஏத்தினதுன்னு அதுலயே பதிவாயிருக்குங்க மேடம். மாசா மாசம், கடைசித் தேதியில. அந்தத் தேதிய நான் நெனச்சாலும் மாத்த முடியாதுங்க." அதிகாரி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். சிங்காரவேல் பக்கம் திரும்பினார். "அடியில இருக்கற முத்திரை உங்களுதுதானே?"

சிங்காரவேல் ரிஜிஸ்டரை மூடினார். "ஆமாங்க" என்று சொல்லாமல் வேறு வழியில்லை.

கொளஞ்சிநாதன் முறை வந்தது. அவர் வெறுங்கையோடு போய் நின்றார். வரவேமாட்டேன் என்றவரைப் பன்னீர்செல்வம்தான் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்திருந்தார்.

"உங்க அட்டை எங்க?"

"எங்கிட்ட இல்லீங்க."

"எங்ககிட்ட இருக்குதுங்க" என்றார் பன்னீர்செல்வம், பின்னாலிருந்து. ஆறு பேரும் முன்னால் வந்தார்கள். ஆறு கட்டு. செவ்வந்தி நோட்டை அவற்றின் மேல் வைத்து, இந்த நாள் இவர் அட்டையில், அந்த நாள் அவர் அட்டையில் என்று நிதானமாகக் காட்டினாள். அவள் குரல் நடுங்கவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அதிகாரி வெகுநேரம் பார்த்தார். ஒரு வெள்ளைத் தாளைக் கொளஞ்சிநாதன் பக்கம் தள்ளினார். "கையெழுத்துப் போடுங்க."

கொளஞ்சிநாதன் பேனாவை வாங்கினார். விரலெல்லாம் காய்ப்பு. ஒரு எழுத்தை எழுதி நிறுத்தினார். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதினார். அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று அவசரப்படவில்லை. கடைசி எழுத்தில் வாலை இழுத்து, கொஞ்சம் மேலே தூக்கி, அப்புறம்தான் பேனாவை எடுத்தார்.

அதிகாரி அந்தத் தாளை அட்டைகளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு தன் பட்டியலில் குனிந்து எழுதினார். "ஐந்நூத்தி மூணு" என்றார் வாய்விட்டு. "அடுத்தவங்க வாங்க."

கொளஞ்சிநாதன் நகரவில்லை. மேசைமேல் கிடந்த அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் நாளெல்லாம் இவனுங்ககிட்டயா இருந்துச்சு" என்றார். பன்னீர்செல்வம் அவர் தோளைப் பிடித்து வெளியே கூட்டிப்போனார்.

மறுநாள் சாயங்காலம் கடை வாசலில் சைக்கிள் வந்து நின்றது. "பாப்பா, சாப்ட்டியா?"

செவ்வந்தி அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "இன்னும் இல்ல சித்தப்பா. இப்படி உக்காருங்க."

அவரைக் கம்ப்யூட்டர் முன்னால், தன் நாற்காலியில் உட்காரவைத்தாள். மற்றவர்களின் பாஸ்வேர்டை அவரவரே வந்து மறுபடி தங்களுக்குப் பிடித்ததாக மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். இவருடையதுதான் பாக்கி. காலிக் கணக்குதான். ஆனாலும் அவருடையது.

"புதுசா ஒண்ணு போடுங்க. டோக்கன் நம்பர் வேணாம். வேற எவனுக்கும் தெரியாததா."

"நீயே போட்டு வச்சிக்கயேன். எனக்கு மறந்துடும்."

"மறந்தா உங்க போனுக்கு ஒரு நம்பர் வரும், அத வச்சி மாத்திக்கலாம். எனக்குத் தெரியக் கூடாது சித்தப்பா."

"உனக்குத் தெரிஞ்சா இன்னா? உன்ன நான் இன்னா சொல்லிட்டேன்?"

"நீங்க ஒண்ணுஞ் சொல்லல. அதனாலதான் சொல்றேன்."

அவர் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒற்றை விரலை விறைப்பாக நீட்டி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிக்க ஆரம்பித்தார். செவ்வந்தி அவருக்கு முதுகைக் காட்டி, சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் ஷிப்டுக்குப் போகும் பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"ஆச்சு பாப்பா" என்று அவர் சொல்லும்வரை அவள் திரும்பவில்லை.